மாலகா பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலகா எந்த ஊர்? அங்கே போக என்ன இருக்கிறது?

ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியா மாநிலத்தில், மத்தியதரைக் கடலை ஒட்டிய துறைமுக நகரம். அந்தக் கரைக்கே 'கோஸ்தா தெல் சோல்', அதாவது சூரியக் கரை என்றுதான் பெயர். ஏறக்குறைய கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஃபினீசிய வணிகர்கள் வந்து இறங்கிய இடம். பிறகு ரோமர்கள், அரபு அரசர்கள், 1487இல் கத்தோலிக்க மன்னர்கள் (இசபெல்லா அரசியும் அவர் கணவர் ஃபெர்னாந்தோவும்) என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் முன்னவர் விட்டுப்போன கல்லை எடுத்துத் தன் சுவரில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கூடவே, வெயிலில் காயவைத்த திராட்சையிலிருந்து எடுக்கும் இனிப்பு ஒயின். ஐரோப்பாவின் மேசைகளில் ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த ஒயின் அது.

இந்த ஊருக்கு ஒரு குறை நேர்ந்துவிட்டது. பெரிய விமான நிலையம் இங்கே இருப்பதால், வருகிறவர்கள் இறங்கிய கையோடு கிரானடாவுக்கோ பக்கத்துக் கடற்கரை விடுதிகளுக்கோ போய்விடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் ஒரே ஒரு இரவு தங்கிவிட்டுக் கிளம்பினேன். இரண்டாம் தடவை ஆறு நாள் இருந்தேன். அதன் பிறகு யார் கேட்டாலும், மாலகாவை வழியில் கடக்கிற ஊராக வைத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

எத்தனை நாள் ஒதுக்கலாம்?

நகரத்துக்கு மட்டும் மூன்று முழு நாள். ஒயின் கிராமங்களையும் பார்க்க வேண்டுமென்றால் நான்கு. அதற்குக் குறைந்தால் கோட்டை, தேவாலயம், அருங்காட்சியகம் என்று ஓட்டமாக ஓடிவிட்டு வந்துவிடுவீர்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட உட்காரும். அந்த நேரத்தில் நீங்களும் உட்கார இடம் வேண்டுமல்லவா?

எந்த மாதம் போவது நல்லது?

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் பாதி வரை. இல்லாவிட்டால் செப்டம்பர் கடைசி, அக்டோபர். குளிர்காலத்திலும் போகலாம். ஜனவரியில்கூடப் பகலில் 16, 17 டிகிரி இருக்கும். மழை பெரும்பாலும் நவம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவில்தான்.

ஜூலை, ஆகஸ்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 'நாங்கள் பார்க்காத வெயிலா' என்று நம் ஆட்கள் கேட்பார்கள். சாதாரண நாளில் சரிதான். கடல் காற்று வீசும், 30, 31 டிகிரியோடு நின்றுவிடும். ஆனால் 'தெர்ரால்' என்ற நிலக்காற்று கிளம்பினால் கதையே வேறு. உள்நாட்டுப் பீடபூமியிலிருந்து வரும் காற்று, நகரத்துக்குப் பின்னால் இருக்கும் மலைகளைத் தாண்டிக் கீழே இறங்கும். இறங்க இறங்கச் சூடேறி, ஈரமே இல்லாமல் அடுப்பைத் திறந்தது போல முகத்தில் அடிக்கும். வெப்பம் 40ஐத் தொடுவதும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டு, இருட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். வியர்வை தெரியாமலே உடம்பில் நீர் வற்றிவிடும் என்பதால், அன்றைக்குக் கோட்டை ஏறாதீர்கள். விசித்திரம் என்னவென்றால், அதே நாளில் கடல் தண்ணீர் சில்லென்று இருக்கும். கரையோரத்து மேல்நீரைக் காற்று தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது.

ஆகஸ்ட் நடுவில் ஒரு வாரம் ஃபேரியா என்ற ஊர்த் திருவிழா நடக்கும். 1487 ஆகஸ்டில் கத்தோலிக்க மன்னர்கள் நகருக்குள் நுழைந்ததன் நினைவாக வந்தது. பாட்டும் ஆட்டமும் பிடிக்கும் என்றால் போங்கள். அமைதி வேண்டுமென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் இன்னும் பெரிது. 'த்ரோனோ' என்று சொல்லும் பிரம்மாண்டமான சப்பரங்களை இருநூறு பேருக்கு மேல் தோள் கொடுத்துத் தூக்கி, மணி அடித்ததும் ஒரே அசைவாக நகர்த்துவார்கள். நம் ஊர்த் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் மூச்சு உடனே புரியும். அந்த வாரத்துக்கு அறையை மாதக்கணக்கில் முன்பே பிடித்தாக வேண்டும்.

விசா எப்படி?

ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பான ஷெங்கன் பகுதியில் ஸ்பெயின் இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு தேவை. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்குச் சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். எல்லோருக்கும் 180 நாளில் 90 நாள் என்பதுதான் உச்ச வரம்பு. கோடைப் பயணம் என்றால் விண்ணப்ப நேரம் கிடைப்பதே பெரும்பாடு, ஆகவே விமான டிக்கெட்டுக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு எப்படி வருவது?

ரயில்தான். சி1 என்ற புறநகர் ரயில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒன்று வரும். கால் மணி நேரத்துக்குள் 'மாலகா சென்த்ரோ அலமேதா' என்ற கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிடும். பழைய நகரம் அங்கிருந்து நடக்கிற தூரம். எதிர்ப்பக்கம் போகும் ரயில் ஃபுவென்ஹிரோலாவுக்குப் போய்விடும் என்பதால், ஏறும் முன் பலகையைப் பாருங்கள்.

மாட்ரிட்டிலிருந்து வந்தால் அதிவேக ரயிலில் இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம்.

எங்கே தங்கலாம்?

பழைய நகரத்துக்குள், லாரியோஸ் தெருவுக்கு இரண்டு மூன்று சந்து தள்ளி. லாரியோஸ் தெரு 1891இல் திறந்த அகலமான கடைத்தெரு. வண்டிகள் கிடையாது, பளிங்குத் தரை, வளைந்த மூலைகளோடு ஒரே சீரான கட்டடங்கள். அழகுதான், ஆனால் இரவு இரண்டு மணிக்கும் பேச்சுக்குரல் ஓயாது. தூக்கம் முக்கியம் என்றால் உள்பக்க முற்றத்தைப் பார்த்த அறையாகக் கேளுங்கள்.

முதல் நாள் எங்கே தொடங்குவது?

அல்கசாபில்லா தெருவில். காலை வெயில் ஏறும் முன்பே போய், தெரு நடுவில் நின்று மேலே பாருங்கள். கீழே ரோமானிய அரங்கத்தின் அரைவட்டப் படிகள். அதன் தோளில் ஏறி நிற்பது போல 11ஆம் நூற்றாண்டு அல்கசாபா கோட்டை. அதற்கும் மேலே, மலை உச்சியில் 14ஆம் நூற்றாண்டு ஹிப்ரால்ஃபாரோ கோட்டைச் சுவர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் கட்டடக்கலை ஒரே பார்வையில் அடங்கும் இடம் இது.

அந்த அரங்கம் கிடைத்த கதையும் நல்ல கதை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் கட்டியது. மூன்றாம் நூற்றாண்டுக்குப் பிறகு கைவிடப்பட்டு மண்ணுக்குள் போய்விட்டது. 1951இல் அந்த இடத்தில் நின்ற ஒரு பண்பாட்டு மாளிகைக்குத் தோட்டம் போடத் தோண்டும்போது தலைகாட்டியது. பிறகு அரங்கத்தை வெளியே எடுப்பதற்காக அந்த மாளிகையையே 1990களில் இடித்தார்கள். 2011இல்தான் மக்களுக்கு முழுதாகத் திறந்தது. பக்கத்திலேயே தரையில் ஒரு கண்ணாடிப் பிரமிடு இருக்கும். குனிந்து பாருங்கள். ரோமர்கள் மீனை உப்பில் ஊறவைத்து 'காரும்' என்ற குழம்புச்சாறு எடுத்த தொட்டிகள் கீழே தெரியும். கருவாட்டு வாசனை அறிந்த நமக்கு அந்தத் தொட்டி அந்நியமாகவே படாது.

அப்புறம் அல்கசாபாவுக்குள் போங்கள். நுழைவுப் பாதை நேராகப் போகாது, வளைந்து வளைந்து ஏறும். உள்ளே பாய்ந்து வரும் எதிரி ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் இழக்க வேண்டும் என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். தூண் வாசல் என்று ஒரு திருப்பம் வரும். அங்கே அரபு வளைவைத் தாங்கி நிற்பவை ரோமானியத் தூண்கள், கீழே இருக்கும் அரங்கத்திலிருந்து கொண்டுவந்தவை. கையால் தொட்டுப் பார்க்கலாம். பளிங்கு வழவழப்பாக இருக்கும், அதன் மேல் இருக்கும் செங்கல் சொரசொரப்பாக இருக்கும். அதற்கு மேலே போனால் சின்னச் சின்ன முற்றங்கள், நடுவில் குளம், தரையில் விரலளவு வாய்க்காலில் ஓடும் தண்ணீர். கிரானடாவின் அல்ஹம்பிரா அரண்மனையைப் போல வாயடைக்க வைக்கும் வேலைப்பாடு இங்கே இல்லை. ஆனால் அங்கே கிடைக்காத ஒன்று இங்கே உண்டு: தனியாக ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தம் கேட்க முடியும்.

இரண்டு கோட்டைக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக வாங்கினால் மலிவு. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மேல் இலவசம், அதனால் கூட்டமும் அப்போதுதான். ஹிப்ரால்ஃபாரோவுக்கு ஏறும் பாதை செங்குத்து. முட்டி வலி உள்ளவர்கள் 35ஆம் எண் நகரப் பேருந்தில் மேலே போய், இறங்கும்போது நடக்கலாம். அல்கசாபாவுக்கு நகராட்சி மாளிகைக்குப் பின்னாலிருந்து லிஃப்ட் வசதி உண்டு.

தேவாலயத்துக்கு ஏன் ஒரே ஒரு கோபுரம்?

எல்லோரும் கேட்கும் கேள்வி. 1528இல் தொடங்கிய கதீட்ரல் வேலை 1782இல் நின்றது. அதற்குள் கோதிக் பாணியில் அடி எடுத்து வைத்தது மறுமலர்ச்சி பாணியில் வளர்ந்து, பரோக் முகப்போடு நின்றுவிட்டது. திட்டப்படி இரண்டு கோபுரம். வடக்குக் கோபுரம் 84 மீட்டர் எழுந்தது. தெற்கே அடித்தண்டு மட்டும், மேலே வெற்றுத் தூண் துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஊரார் வைத்த செல்லப்பெயர் 'லா மான்கீதா', அதாவது ஒற்றைக் கைக்காரி.

காரணம் பணம். இதற்கென ஒதுக்கிய பணம் பிரிட்டனுக்கு எதிராகப் போராடிய அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு உதவியாகப் போனது என்று கோபுரத்தடியில் ஒரு பலகையே இருக்கிறது. அந்தப் போரில் ஸ்பெயின் படையை நடத்திய பெர்னார்தோ தெ கால்வெஸ், மாலகாவுக்குப் பக்கத்து மச்சாரவியாயா கிராமத்துக்காரர் என்பதால் கதை நன்றாகப் பொருந்திவிடுகிறது. துறைமுக வரி வருமானம் சாலைப் பணிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது என்று சொல்லும் வரலாற்றாளர்களும் உண்டு. முடித்துக் கட்டிவிடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஒற்றைக் கையால்தான் ஊர் அவளை உரிமையோடு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

உள்ளே போனால் பாடகர் குழு இருக்கைகளை மட்டும் அவசரமில்லாமல் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் பெத்ரோ தெ மேனா செதுக்கிய மரப் புனிதர்கள் வரிசையாக நிற்பார்கள். மடிப்பு விழுந்த உடை, புடைத்த நரம்பு எல்லாம் மரத்தில். இரண்டு பக்கமும் எதிரெதிரே 18ஆம் நூற்றாண்டுக் குழலிசைக் கருவிகள், வீட்டளவு உயரத்தில். வெளியே வந்தால் ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றம். முன்பு இதே இடத்தில் பெரிய பள்ளிவாசல் இருந்தது.

பிக்காசோ இந்த ஊர்க்காரரா?

ஆமாம். 1881 அக்டோபர் 25இல் மெர்செத் சதுக்கத்து வீட்டில் பிறந்தார். பத்து வயதுக்குள் குடும்பம் வடக்கே போய்விட்டது. பிறந்த வீட்டையும் பார்க்கலாம், 2003இல் திறந்த பிக்காசோ அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். பின்னது 16ஆம் நூற்றாண்டு புவேனவிஸ்தா மாளிகையில் இருக்கிறது. பலர் ஓவியத்தோடு திரும்பிவிடுவார்கள். நிலவறைக்கும் இறங்குங்கள், ஃபினீசியர் காலத்து நகரச் சுவர் அங்கே இருக்கிறது. ஞாயிறு கடைசி இரண்டு மணி நேரம் இலவசம்.

சந்தை ஏதும் பார்க்கத் தகுந்ததாக உண்டா?

அதராசானாஸ் சந்தை. பெயருக்கு அரபு மூலத்தில் கப்பல் பட்டறை என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் இது கப்பல் கட்டும் தளம். அப்போது கடல் இதன் சுவர் வரை வந்தது. இன்று கடல் நன்றாகத் தள்ளிப் போய்விட்டது. பட்டறையில் மிஞ்சியது ஒரே ஒரு குதிரைலாட வளைவு வாசல். அதை இடிக்காமல் அப்படியே வைத்து, 1879இல் இரும்பால் சந்தையைக் கட்டினார்கள். வளைவின் இரண்டு பக்கக் கேடயங்களிலும் 'இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை' என்ற வாக்கியம் அரபியில் இருக்கும், கிரானடாவை ஆண்ட நஸ்ரி அரச வம்சத்தின் வாக்கியம் அது. அதன் கீழேதான் இன்றைக்கு மீன் கூடைகள் உள்ளே போகின்றன. பின்பக்கச் சுவர் முழுக்க வண்ணக் கண்ணாடி. காலை பத்து, பதினொரு மணிக்குப் போங்கள். மூன்று மணியோடு மூடிவிடும், ஞாயிறு விடுமுறை.

மாலகா ஒயின் என்றால் என்ன? ஏன் அது இனிப்பாக இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன்.

நகரத்துக்குக் கிழக்கே அக்ஸார்கியா என்ற மலைப்பகுதி. கடலிலிருந்து நேராக எழும் சரிவுகள், பலகை பலகையாக உதிரும் ஸ்லேட் கல் மண். சரிவு அவ்வளவு செங்குத்து என்பதால் இயந்திரம் ஏறாது. இன்றும் ஆள்தான் அறுக்க வேண்டும், கோவேறு கழுதைதான் சுமக்க வேண்டும். அங்கே விளைவது மொஸ்கதேல் திராட்சை. பெரிய பழம், மூக்கருகே கொண்டுபோனாலே பூவும் தேனும் கலந்த வாசனை. இன்னொரு வகை பெத்ரோ ஹிமெனெஸ், உள்நாட்டு மேட்டு நிலங்களில் விளைவது.

ஆகஸ்டில் அறுத்த குலைகளை 'பாசேரோ' என்ற காயவைக்கும் பாத்தியில் பரப்புவார்கள். வெயில் நாள் முழுக்க விழும்படி தெற்குப் பார்த்த சரிவில், கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய நீள்சதுரங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலையில் வெள்ளைப் பாய்களை வரிசையாக விரித்தது போல இருக்கும். ராத்திரிப் பனி படாமல் மூட வேண்டும், காலையில் திறக்க வேண்டும், குலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டு, மேகம் கறுத்தால் ஓடி எடுத்தவர்களுக்கு இந்த வேலையின் பதற்றம் தெரியும். முழுக்கக் காய்ந்தால் உலர்திராட்சை. ஒயினுக்கு என்றால் அவ்வளவு விடாமல், தண்ணீர் வற்றி இனிப்பு திரண்டதும் எடுத்துப் பிழிவார்கள். அக்ஸார்கியாவின் இந்த உலர்திராட்சை முறையை ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அறிவித்தது.

எல்லா மாலகா ஒயினும் ஒரே வழியில் செய்வதல்ல. சிலவற்றில் சாறு நொதிப்பதை நிறுத்தத் திராட்சைச் சாராயம் சேர்ப்பார்கள், இனிப்பு அப்படியே நின்றுவிடும். 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் ஏறுவது இதனால்தான். அந்தக் கருமை நிறம் பெரும்பாலும் 'அர்ரோப்பே'யால் வருவது. திராட்சைச் சாற்றை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும் வரை காய்ச்சிய பாகு அது. சாராயமே சேர்க்காமல், காய்ந்த பழத்தின் இனிப்பால் மட்டும் நிற்கும் ஒயினும் உண்டு. என் மனதுக்கு நெருக்கமானது இந்தக் கடைசி வகைதான், ஏனென்றால் பழத்தையும் வெயிலையும் தவிர வேறெதுவும் அதில் இல்லை.

புட்டியில் எழுதியிருப்பதை இப்படிப் படியுங்கள். 'பாலிதோ' என்றால் முதிர வைக்காதது. வெறும் 'மாலகா' என்றால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு பீப்பாயில் இருந்தது. 'நோப்லே' இரண்டு முதல் மூன்று, 'அன்யேஹோ' மூன்று முதல் ஐந்து, 'த்ராசன்யேஹோ' ஐந்துக்கு மேல். 'லாக்ரிமா' என்றால் கண்ணீர். இயந்திரத்தால் அழுத்தாமல், தானாகச் சொட்டும் சாற்றில் செய்தது.

இவ்வளவு நல்ல ஒயின் என்றால் ஏன் அதிகம் கேள்விப்பட்டதில்லை?

18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் இதை 'மவுன்டன்' என்ற பெயரில் வாங்கிக் குடித்தார்கள். மலையிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். 1878இல் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பேன் மாலகாவில் தென்பட்டது, ஸ்பெயினிலேயே ஆரம்பத்தில் தாக்குண்ட பகுதிகளில் ஒன்று இது. கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அளவுப் பூச்சி, கொடியின் வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். சில ஆண்டுகளில் மலைகள் மொட்டையாயின. மறுநடவு செய்ய வசதியில்லாமல் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறி அமெரிக்கக் கண்டத்துக்குப் போனார்கள். மலைப்பாதையில் போகும்போது கூரை விழுந்த வீடுகளும் புல் முளைத்த பாசேரோக்களும் தென்பட்டால், இந்தப் பூச்சி நினைவுக்கு வரட்டும். 1990களின் கடைசியில் புதிய ஆட்கள் சிலர் பழைய மொஸ்கதேல் கொடிகளைத் தேடி எடுத்துத் திரும்பச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் பெயர் மீண்டும் எழுந்தது. இனிப்பில்லாத வகைகளுக்கு 2001 முதல் 'சியர்ராஸ் தெ மாலகா' என்று தனிப் பெயர்ச் சான்றும் இருக்கிறது. ரோந்தா மலைப்பக்கத்துச் சிவப்பு ஒயின்கள் அதில் வரும்.

நகரத்தில் எங்கே குடித்துப் பார்க்கலாம்? எப்படிக் கேட்பது?

அலமேதா சாலையில் 'அந்தீகுவா காசா தெ குவார்தியா' என்ற கடை. 1840இல் தொடங்கியது. நாற்காலி கிடையாது. நீளமான மர மேடை, பின்னால் சுவர் முழுக்கக் கறுத்த பீப்பாய்கள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருக்கும். பெயரைக் காட்டினால் போதும், குழாயைத் திறந்து சின்னக் கிளாஸில் பிடித்துத் தருவார். அடுத்து செய்வதைக் கவனியுங்கள்: காதிலோ கையிலோ இருக்கும் சாக்குக்கட்டியை எடுத்து, உங்கள் முன்னால் மேடை மரத்திலேயே விலையை எழுதிவிடுவார். இன்னொரு கிளாஸ் வாங்கினால் கீழே இன்னொரு எண். கிளம்பும்போது கூட்டிச் சொல்லிவிட்டு, ஈரத் துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிடுவார்.

முதலில் மொஸ்கதேலில் தொடங்கி, அதன் பின் ஒரு த்ராசன்யேஹோ கேளுங்கள். வரிசை மாறினால் முன்னதன் பூவாசனை நாக்கில் எடுபடாது. இனிப்பு என்பதால் இரண்டாம் கிளாஸிலேயே ஏறிவிடும், கூடவே எதையாவது கொறியுங்கள்.

விளக்கத்தோடு ருசிக்க வேண்டும் என்றால் வின்யேரோஸ் சதுக்கத்தில் ஒயின் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய விளம்பரச் சீட்டுகளும் லேபிள்களும் அங்கே அழகு. ஸ்பெயினில் 18 வயது ஆகாதவர்களுக்கு மது தரமாட்டார்கள். தெருவில் நின்று குடித்தால் அபராதம் உண்டு.

திராட்சைத் தோட்டங்களை நேரில் பார்க்க முடியுமா?

முடியும், போக வேண்டும். மொக்லினேஹோ, அல்மாச்சர், கோம்பெதா என்று வெள்ளையடித்த மலைக் கிராமங்கள். சாலை வளைந்து வளைந்து ஏறும். பேருந்து அடிக்கடி கிடையாது, கார் தேவைப்படும். ருசி பார்க்கப் போகிறவர் ஓட்ட வேண்டாம், வழிகாட்டியோடு போகும் பயணமாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். திராட்சை காய்கிற காட்சி வேண்டுமானால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை. ஆகஸ்ட் 15 அன்று கோம்பெதாவில் ஒயின் இரவு கொண்டாடுவார்கள், காலால் திராட்சை மிதிப்பதையும் பார்க்கலாம். அல்மாச்சரில் உலர்திராட்சைக்கென்றே சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது.

நாங்கள் மது தொடுவதில்லை. இந்த ஊர் எங்களுக்கு ஒத்து வருமா?

தாராளமாக. இந்த மண்ணின் ருசி உலர்திராட்சையிலேயே இருக்கிறது. காம்போடும் விதையோடும் விற்கும் மொஸ்கதேல் உலர்திராட்சையைச் சந்தையில் வாங்கி ஒன்றைக் கடித்துப் பாருங்கள். தோல் தடிப்பு, உள்ளே தேன்பாகு, கடைசியில் லேசான புளிப்பு.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

கொஞ்சம் விழிப்பாக இருந்தால் நன்றாகவே கிடைக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. நான் அப்படிச் சொல்லிக் கேட்ட சாலட்டின் மேல் சூரை மீன் தூவி வந்தது. பன்றித் தொடை ஊறுகறியான ஹமோனையும் பல இடங்களில் இறைச்சிக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். 'நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டியவை: 'அஹோப்லாங்கோ', பாதாமும் பூண்டும் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் அரைத்த குளிர்ந்த வெள்ளைச் சாறு, மேலே மொஸ்கதேல் திராட்சை மிதக்கும். பூண்டின் காரத்துக்கு நடுவே அந்தப் பழம் வாயில் உடையும்போது, இந்த ஊரின் சமையல் எனக்குப் பிடிபட்டது. அப்புறம் 'பெரென்ஹேனாஸ் கோன் மியேல் தெ கான்யா', அதாவது பொரித்த கத்தரிக்காய் மேல் கரும்புப் பாகு. காலைக்குத் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தடவிய சின்ன ரொட்டி, இங்கே அதன் பெயர் 'பித்துஃபோ'. சால்மொரேஹோ என்ற தக்காளிச் சாறு வாங்கினால் முட்டையும் ஹமோனும் தூவாமல் கேளுங்கள்.

மீன் சாப்பிடுவோம். எதை விடக்கூடாது?

எஸ்பேத்தோ. நகரத்துக்குக் கிழக்கே பெத்ரெகாலேஹோ, எல் பாலோ என்ற பழைய மீனவர் பகுதிகளுக்குப் போங்கள். கரையில் பழைய படகில் மணல் நிரப்பி, அதில் விறகு எரிப்பார்கள். நாணல் குச்சியில் ஆறேழு மத்தி மீனைக் கோத்து, மணலில் சாய்வாகக் குத்தி, காற்று வரும் பக்கம் பார்த்து நெருப்பருகே நிறுத்துவார்கள். கல்லுப்பு மட்டும்தான். கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை மத்தியில் கொழுப்பு ஏறியிருக்கும், ருசி அப்போதுதான். நகரத்துக்குள் இருக்கும் மலகேத்தா கடற்கரையும் குளிக்க வசதி, மணல்தான் கறுத்திருக்கும்.

காபி கேட்டால் வேறு ஏதோ வருகிறதே?

இங்கே பாலின் அளவுக்குத் தனித்தனிப் பெயர். 'மிதாத்' என்றால் பாதிக்குப் பாதி. 'சோம்ப்ரா', நிழல், பால் தூக்கலாக. 'நூபே', மேகம், பாலில் காபி நிறம் மட்டும். ஊர் நடுச் சதுக்கத்தில் இருந்த கஃபே சென்த்ரால் என்ற கடைதான் இந்தப் பெயர்களை ஓட்டில் எழுதி மாட்டியது. 2022இல் அது மூடிவிட்டது, பெயர்கள் ஊரோடு தங்கிவிட்டன. நம் டிகாக்ஷன் காபி நாக்குக்கு மிதாத் பொருந்தும்.

சாயங்காலம் தெருவில் வெள்ளைப் பூப்பந்து விற்கிறார்களே, அது என்ன?

பிஸ்னாகா. தூரத்தில் ஒரே பூ போலத் தெரியும். அருகில் போனால் வாசனை சொல்லிவிடும், மல்லிகை! காட்டுச் செடி ஒன்றின் குடைபோல விரிந்த பூந்தண்டைப் பச்சையாக அறுத்து, காயவைத்து, அதன் ஒவ்வொரு முள் நுனியிலும் ஒரு மல்லிகை மொட்டைச் செருகுவார்கள். மொட்டு விரியும் முன்பே, பகலிலேயே பறித்துவிட வேண்டும், இது நம் பூக்காரம்மாக்களுக்குத் தெரிந்த கணக்குதான். நாரும் முடிச்சும் கிடையாது. இருட்டியதும் எல்லா மொட்டும் சேர்ந்து விரிந்து உருண்டைப் பந்தாகும். விற்கிறவர் வெள்ளைச் சட்டை, இடுப்பில் சிவப்புத் துணியோடு, சப்பாத்திக்கள்ளி மடலில் இவற்றைக் குத்திக் கையில் ஏந்தி வருவார். கோடை மாதங்களில்தான் கிடைக்கும். அத்தனை தூரம் போய், தெரு முனையில் அந்த வாசனை வந்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒன்று வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

பக்கத்தில் ஒரு நாளில் போய்வர என்ன உண்டு?

அல்ஹம்பிராவுக்கென்றால் கிரானடாவுக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள். டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். அந்தெக்கேராவில் ஐயாயிரம் ஆண்டுக்கும் பழைய பெருங்கற்படை அறைகள், 2016இல் உலக மரபுச் சின்னமானவை. உயரத்துக்கு அஞ்சாதவர்களுக்கு 'கமினீதோ தெல் ரெய்', செங்குத்துப் பாறையில் ஒட்டிய நடைபாதை, ஆறு சுமார் நூறு மீட்டர் கீழே ஓடும். 2015இல் புதுப்பித்துத் திறந்தார்கள். அதற்கும் முன்பதிவு வேண்டும்.

ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?

ஒரு புட்டி சாராயம் சேர்க்காத மொஸ்கதேல், ஒரு டப்பா உலர்திராட்சை, ஒரு புட்டி கரும்புப் பாகு. ஒயினும் பாகும் கைப்பையில் போகாது, பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் மது வரை தீர்வை இல்லை. திராட்சைக் குலையைக் காம்போடு இருக்கும்படி வாங்குங்கள், உதிர்த்தால் சீக்கிரம் உலர்ந்துவிடும். வீட்டில் ஒயினைத் திறந்தால் நன்றாகக் குளிரவைத்து, சின்னக் கிளாஸில் ஊற்றிக் கொடுங்கள். உடன் சாப்பிட இரண்டு வறுத்த பாதாம் போதும்.